நெடுங்கரைப் பிரபுவின் சிவப்பு அங்கி

கஸ்தூரிரங்கனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. லண்டனில் பிரபுக்கள் சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தே காலம் தள்ளிய மனிதரைப் பற்றி இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஆனால் அங்கே உட்கார சிவப்புத் தோல் பெஞ்சு இருந்தது, எழுந்து நின்றால் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள், தூங்கினால் எழுப்பாத நாகரிகமும் இருந்தது. டெக்சாஸில் ரவுண்ட் ராக்கில் மகள் வீட்டு சோபாவில் இது எதுவும் கிடையாது. உட்கார்ந்த இரண்டாம் நிமிஷம் வலது கால் ஆட ஆரம்பிக்கும். ஐந்தாம் நிமிஷம் எழுந்துவிடுவார். பத்தாம் நிமிஷம் வெயிலில் தெருவில் இருப்பார்.

ஆகஸ்ட் மாதம் ரவுண்ட் ராக்கில் மத்தியானம் நடப்பவர்களை இரண்டு வகையாகத்தான் பார்ப்பார்கள்: வண்டி ரிப்பேர் ஆனவர், அல்லது மூளை ரிப்பேர் ஆனவர். கோட்டும் டையுமாக வேர்த்து விறுவிறுக்க நடக்கும் இந்தக் குள்ளமான கிழவரைப் பார்த்து, பிக்கப் டிரக்கில் போகிறவர்கள் நிறுத்தி, "ஆர் யூ ஓகே, சார்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "நான் லார்ட் நெடுங்கரை" என்று அவர் பதில் சொல்வார். அவர்கள் கடவுளைப் பற்றி ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, "அவர் எல்லாரையும் காப்பாத்துவார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

கதை இதுதான். அவருடைய தாத்தா சென்னையில் பெரிய வக்கீல். வெள்ளைக்காரர்களுக்கு ஏதேதோ வழக்கு ஜெயித்துக் கொடுத்து, அவர்கள் மனம் குளிர்ந்து, 'நெடுங்கரை பாரன்' என்று வழிவழியாக வரும் பட்டம் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்பா கீழ்ப்பாக்கம் பங்களாவை விட்டு நகராமல், பட்டத்தை லெட்டர்ஹெட்டில் மட்டும் வைத்துக்கொண்டார். கஸ்தூரிரங்கன்தான் அதை நிஜமாக எடுத்துக்கொண்டவர். பத்தொன்பது வயதில் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போய், வட்டார கவுன்சிலராக சாக்கடை, பஸ் நிறுத்தம் என்று அரசியல் பழகி, அப்பா போனதும் பட்டத்தோடு சபைக்குள் நுழைந்தார். பரம்பரைப் பிரபுக்களை ஒரு முறை கூண்டோடு வெளியேற்றியபோது, தொண்ணூற்றுச் சொச்சம் பேரை மட்டும் அவர்களே ஓட்டுப் போட்டு மிச்சம் வைத்துக்கொண்டார்கள். அந்த மிச்சத்தில் இவரும் ஒருவர். ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் பேசினார். சாப்பாடு மாறவில்லை, இவரும் விடவில்லை.

கடைசியில் அந்த மிச்சத்தையும் சட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெட்டிகளோடு ஒரே மகள் ஜலஜாவிடம் வந்தார். ஒரு பெட்டியில் துணிமணி. இன்னொன்றில் தாத்தாவின் அங்கி. கனத்த சிவப்புக் கம்பளி, தோளில் வெள்ளை ரோமப் பட்டைகள், தரை வரைக்கும் புரளும் நீளம். ராஜாவோ ராணியோ சபைக்கு வரும் நாளில் மட்டும் போடுவது. தாத்தா ஆறடி ஆள், பேரன் குள்ளம். வருஷத்துக்கு ஒரு முறை அதைப் போட்டுக்கொண்டு தடுக்கி விழாமல் நடப்பதே அவருக்குப் பெரிய சாதனையாக இருந்தது.

ரவுண்ட் ராக் வந்த கொஞ்ச நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் மாற்ற வேண்டும், வயசுக்கு ஆபத்து கொஞ்சம் கூடத்தான், ஆனால் தள்ளிப்போட்டால் அதைவிட ஆபத்து என்றார் டாக்டர். வருகிற புதன்கிழமை நாள் குறித்தாயிற்று.

சாவைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னார். அவருடைய கவலையெல்லாம் ஒன்றுதான். கத்திக்கு அடியில் போவதற்கு முன்னால் பட்டத்தை உரியவன் கையில் ஒப்படைத்துவிட வேண்டும்.

உரியவன், செத்துப்போன தம்பியின் பிள்ளை கிரீஷ். கலிபோர்னியாவில் டப்ளினில் இருந்தான், கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பட்டம் ஆண்வழியில்தான் போகும். ஜலஜா மகள், அதனால் கணக்கிலேயே கிடையாது.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். லண்டனில் மெடிசின் படித்துக்கொண்டே, சனி ஞாயிறில் அப்பாவுக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவள் ஜலஜா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுப் பேச்சு அத்தனையும் அவள் கைவண்ணம். சபையில் கைதட்டல் கிடையாது, 'ஹியர் ஹியர்' என்று முனகுவார்கள். அந்த முனகலை மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்டு, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடித்துக் காட்டுவாள். ஒரு வருஷம், மகள்களுக்கும் பட்டம் போகலாம் என்று யாரோ ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். அதற்கும் பேச்சு எழுதிக் கொடுத்தாள். அவர் பேசவில்லை. ஓட்டெடுப்பு மணி அடித்தபோது கீழே டீ அறையில் ஸ்கோன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். மசோதா தானாகவே செத்தது. அந்த வருஷமே ஜலஜா அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டாள். இப்போது ரவுண்ட் ராக்கில் அவள் பெயர் சொன்னால் தெரியும் குழந்தை டாக்டர். அந்த மசோதாவைப் பற்றி அப்பாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கிரீஷ் தினமும் காலையில் ஃபோன் பண்ணுவான். "பெரியப்பா, உடம்பு எப்படி இருக்கு? மாத்திரை போட்டீங்களா? வெயில்ல அலையாதீங்க." கஸ்தூரிரங்கன் உருகிப்போவார். ஜலஜா காபியை ஆற்றிக்கொண்டே, "உங்க வாரிசு அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்பாள்.

"அவனுக்கு என் மேல பாசம்."

"பாசமா? பெரியப்பா எப்போ போவார், எப்போ லார்ட் ஆகலாம்னு எண்ணிட்டிருக்கான். போன மாசம் வரைக்கும் வருஷத்துக்கு ஒரு ஹாப்பி நியூ இயர். இப்போ டெய்லி."

"பொறுப்பு வந்திருக்கு. வரணும் இல்லையா?"

ஜலஜா காபியை அவர் முன்னால் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

சர்ஜரிக்கு முந்தின சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா. தலைவர் ஜைனுதீன் மளிகைக் கடை வைத்திருப்பவர், யாரையும் சும்மா விடமாட்டார். ஊரில் ஒரு நிஜ பிரபு இருக்கிறார் என்று தெரிந்ததும் கடையிலிருந்து நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். "லார்ட் சார், நீங்கதான் சீஃப் கெஸ்ட். மறுக்கக் கூடாது. போன வருஷம் ஒரு டிவி நடிகர் வந்தாரு, பாதியில ஏர்போர்ட் போயிட்டாரு. நீங்க எங்கயும் போக மாட்டீங்க இல்ல?"

எங்கே போகப் போகிறார்! கஸ்தூரிரங்கனுக்கு மாதக்கணக்கில் வராத பூரிப்பு வந்தது. மேடை, மைக், கூட்டம். அந்த மேடையிலேயே கிரீஷின் தோளில் அங்கியைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். அவனை வரச் சொன்னார். சர்ஜரிக்கு முன்னால் பெரியப்பாவைப் பார்க்காமல் இருப்பேனா என்று அவனும் உடனே டிக்கெட் போட்டான்.

அங்கியை டிரை க்ளீனிங்குக்குக் கொடுத்தால் ரோமத்தைப் பார்த்துப் பயந்து திருப்பித் தந்தார்கள். ஜலஜாதான் பின்பக்கத்து வேலியில் அதைத் தொங்கவிட்டு, குழந்தைகள் தலை வாருகிற மெல்லிய பிரஷ்ஷால் ரோமத்தைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டெக்சாஸ்காரக் கிழவி எட்டிப் பார்த்து, இப்போதே கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்குத் தயாராகிறீர்களா என்று கேட்டாள். ஜன்னல் வழியே கஸ்தூரிரங்கன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கியின் தோள் மடிப்பை எட்டுவதற்கு அவருக்கு ஸ்டூல் வேண்டும். ஜலஜாவுக்கு வேண்டியிருக்கவில்லை. உயரத்தில் அவள் கொள்ளுத் தாத்தாவைக் கொண்டவள்.

"இந்த மூட்டையை அவன் தூக்கிட்டுப் போறதுக்கு நான் தூசி தட்டறேன்" என்றாள் உள்ளே வந்ததும். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

விழா ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு ஹாலில். குத்துவிளக்கு ஏற்றினார்கள், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள், குழந்தைகள் ஆடினார்கள். பின்னால் அலுமினியத் தட்டுகளில் சாம்பார் சாதமும் பிரியாணியும் மணத்துக்கொண்டு காத்திருந்தன. கூட்டம் மேடையை ஒரு கண்ணாலும் அலுமினியத் தட்டை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தது. ஜைனுதீன் மைக்கைப் பிடித்தார். "மகாராணியாருக்கே ஆலோசனை சொன்ன..." என்று ஆரம்பித்தார். கஸ்தூரிரங்கன் மறுக்க வாய் திறந்து, எதற்கு என்று மூடிக்கொண்டார். "இங்கிலாந்து பார்லிமென்ட்டையே ஆட்டிப் படைத்த நம் தமிழன்! லார்ட் நெடுங்கரை அவர்களுக்குச் சங்கத்தின் சார்பாகப் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறோம்!"

பொன்னாடை, ஜைனுதீன் டஜன் கணக்கில் சென்னையிலிருந்து வரவழைத்து வைத்திருக்கும் ஜரிகை போட்ட பாலியெஸ்டர் சால்வை. அது தோளில் விழுந்ததும் கஸ்தூரிரங்கனுக்குக் கண் கலங்கியது. அவருடைய சபை அவரைக் கதவைக் காட்டி அனுப்பியது. இங்கே யாரோ ஒரு மளிகைக் கடைக்காரர் போர்த்தி அனுப்புகிறார். பேச வேண்டியதைச் சுருக்கிக்கொண்டு, "எனக்குப் பிறகு இந்தப் பட்டத்தை ஏற்கப்போகிற என் தம்பி மகன் கிரீஷை மேடைக்கு அழைக்கிறேன்" என்றார்.

ஜலஜா கீழே முதல் வரிசையில், ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கிரீஷ் தயங்கித் தயங்கி மேடை ஏறினான். பெட்டியிலிருந்து சிவப்பு அங்கி வெளியே வந்தது. ஹால் முழுக்க "ஓ" என்றது. இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, கால் விரலில் எக்கி, கஸ்தூரிரங்கன் அவன் தோளை நோக்கிப் போனார். கிரீஷ் ஓரடி பின்னால் போனான். அவர் இன்னும் ஓரடி வைத்தார். அவன் இன்னும் இரண்டடி போய் ஸ்பீக்கரில் இடித்துக்கொண்டான்.

"பெரியப்பா, வேண்டாம். ப்ளீஸ். போடாதீங்க."

"கூச்சப்படாதடா."

"கூச்சம் இல்லை பெரியப்பா. ஃபேஸ்புக் லைவ் போயிட்டிருக்கு!" அவன் ஜைனுதீனைப் பார்த்துக் கத்தினான். "அங்கிள், லைவை ஆஃப் பண்ணுங்க! ப்ளீஸ், இமிக்ரேஷன் மேட்டர்!"

அந்த ஒரு சொல் போதும். ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. விசா, கிரீன் கார்டு என்று வருஷக்கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலைந்து பேர் தாங்களாகவே ஃபோனைக் கீழே இறக்கினார்கள், ஜைனுதீன் ஓடிப்போய் லைவை நிறுத்தினார். கஸ்தூரிரங்கன் மட்டும் அங்கியோடு நின்றுகொண்டிருந்தார். ஜலஜா மேடை ஏறி வந்து, அங்கியை அவரிடமிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

பார்க்கிங் லாட்டில், வண்டிக்குள் ஏசி போட்டுவிட்டு, கிரீஷ் விஷயத்தைச் சொன்னான்.

"எனக்கு அடுத்த வாரம் தள்ளி வெள்ளிக்கிழமை ஓத் செரிமனி பெரியப்பா. சிட்டிசன்ஷிப்புக்கு உறுதிமொழி எடுக்கற நாள். காலேஜ் முடிச்சு வந்ததுலேர்ந்து காத்திட்டிருக்கேன். அப்ளிகேஷன்லயே கேக்கறான், பரம்பரைப் பட்டம் ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னு போட்டேன். உண்மைதான். நீங்க இருக்கற வரைக்கும் எனக்கு எதுவும் கிடையாது. ஆனா நடுவுல நீங்க..."

அவன் நிறுத்தினான்.

"செத்துப்போயிட்டா" என்று பெரியவர் எடுத்துக் கொடுத்தார்.

"ஆமா. அந்த நிமிஷமே நான் லார்ட். அப்புறம் ஓத் எடுக்கறப்போ ஆயிரம் பேர் முன்னாடி எழுந்து, இந்தப் பட்டத்தை நான் துறக்கறேன்னு தனியா சொல்லணும். அதுக்கு முன்னாடி ஃபைல் மறுபடியும் ஆபீசர்கிட்ட போகும், ஒரு வருஷம்கூட இழுக்கும்னு டெலிகிராம் குரூப்ல சொல்றாங்க. இதுல அங்கி போட்டு வீடியோ வேற வந்துதுன்னா, மறைச்சேன்னு சொல்லிடுவான்."

கஸ்தூரிரங்கன் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். சங்கத்து ஆட்கள் காலித் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் காலையில ஃபோன் பண்ணி உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டியே."

"நிஜமாவே அக்கறைதான் பெரியப்பா."

"அக்கறை இல்லேன்னு நான் சொல்லலை. அது எந்தத் தேதி வரைக்கும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

முன் சீட்டில் ஜலஜா திடீரென்று சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். "ஸாரிடா கிரீஷ். நீ அப்பா சாகணும்னு காத்திட்டிருக்கேன்னு நான் தினமும் திட்டிட்டிருந்தேன். நீ சாகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்திருக்கே!"

அவன் சிரிக்கவில்லை. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. சர்ஜரியை ஒரு பத்துப் பதினைஞ்சு நாள் தள்ளிப் போட முடியுமா? ஓத் முடிஞ்சுட்டா அப்புறம் பட்டம் வந்தா ஒரு பிரச்னையும் இல்லை. சிட்டிசன்கிட்ட யாரும் அதைக் கேக்க மாட்டாங்க. நான் வெச்சுக்கறேன் பெரியப்பா. சத்தியமா வெச்சுக்கறேன். என் பையனுக்கும் சொல்லிக் கொடுப்பேன்."

"நோ" என்றாள் ஜலஜா. அவள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "அது நடக்காது. அவர் வால்வு இருக்கற லட்சணத்துக்கு இதுவே லேட்."

ஆனால் கஸ்தூரிரங்கனுக்குள் விதை விழுந்துவிட்டது. பதினைந்து நாள் தள்ளிப்போட்டால் பட்டம் பிழைக்கும். புதன்கிழமை மேஜையிலேயே போய்விட்டால், தாத்தாவின் பட்டத்தை ஆயிரம் பேர் முன்னால் இவன் எழுந்து நின்று உதறிவிடுவான். பிரிட்டனில் அது செல்லுமா செல்லாதா என்பது வேறு விஷயம். உதறினான் என்ற பேச்சு இருக்குமே!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. சோபாவில் ஆடியது, சாப்பாட்டு மேஜையில் ஆடியது. மருமகன் திருமூர்த்தி பரம சாது, அவனே லீவு நாளிலும் விடாத ஆபீஸ் மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு, "மாமா, ஃப்ளோர் அதிருது" என்றான். ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டு வருவதில் கஸ்தூரிரங்கன் பழம் தின்று கொட்டை போட்டவர். எத்தனை மசோதாக்களை இப்படித் தள்ளித் தள்ளியே கொன்றிருக்கிறார்! ஓர் ஆபரேஷனைத் தள்ளுவதா பெரிய காரியம்?

திங்கட்கிழமை ஜலஜா க்ளினிக் போனதும், ஃபோனை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து என்றது. பிறகு பாட்டுப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னது. நடந்துகொண்டே காத்திருந்தார். அதுதான் தப்பு. தெருக்கோடியில் எல்லா வீட்டுத் தபால் பெட்டிகளும் ஒன்றாக நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவது போலிருந்தது. கோட்டைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஃபோனில் பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

வேலிக்கார டெக்சாஸ் கிழவிதான் பார்த்துவிட்டு ஜலஜாவுக்கு ஃபோன் பண்ணியிருக்கிறாள். ஜலஜாவின் வண்டி, பாதி ரோட்டிலும் பாதி புல்லிலுமாக வந்து நின்றது. ஸ்டெதாஸ்கோப் கழுத்திலேயே இருந்தது. நாடியைப் பிடித்தாள், டையைத் தளர்த்தினாள், தண்ணீர் கொடுத்தாள். மூச்சு மெல்லத் திரும்பி வந்தது. அப்புறம்தான் ஃபோனைப் பார்த்தாள், யாருக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தவில்லை. அவர் பக்கத்தில், சுடுகிற சிமெண்டில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கிடையாதுன்னு ஆன பட்டம் இது. அவனுக்கு வேண்டாத பட்டம். இதுக்காகவா நீங்க சாகணும், அப்பா?"

அவர் தளர்ந்த டையை இறுக்கப் பார்த்தார்.

"லண்டன்ல உங்களுக்காக எழுதினேன். எதுவும் கேக்கலை. இங்க வந்து நானா ஒரு வாழ்க்கை அமைச்சுக்கிட்டேன். அப்பவும் கேக்கலை. இப்போ கேக்கறேன். நீங்க உயிரோட வேணும் எனக்கு. லார்டா வேண்டாம். சும்மா, சோபாவில கால் ஆட்டிட்டு, என் காபியைக் குறை சொல்லிட்டு இருக்கற ஆளா வேணும்." அவள் குரல் உடைந்துவிட்டது. வெளிப்படையாகவே அழுதாள். ரவுண்ட் ராக்கின் குழந்தை டாக்டர், தபால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது ஃபோனில் பாட்டு நின்றது. ஒரு பெண் குரல், காத்திருந்ததற்கு நன்றி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டது.

ஜலஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை அவரிடம் நீட்டினாள். "சொல்லுங்க. என்ன சொல்லணுமோ நீங்களே சொல்லுங்க. நான் தடுக்கலை."

கஸ்தூரிரங்கன் ஃபோனை வாங்கினார். அந்தப் பக்கம் பெயர் கேட்டார்கள். சபையில் பேசியது போல எழுந்து நிற்கப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்தபடியே, தன் திருத்தமான லண்டன் ஆங்கிலத்தில் சொன்னார். புதன்கிழமை காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளத்தான் கூப்பிட்டேன், என் மகள் என்னை அழைத்து வருவாள்.

புதன்கிழமை கிரீஷும் வந்திருந்தான். போகாமல் தங்கிவிட்டிருந்தான். ஊருக்குப் போனால் நிம்மதியாக இருக்க முடியாது என்றான், அது உண்மையாகவே இருந்திருக்கும். திரை போட்ட சின்ன அறையில், முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி கவுனில் கஸ்தூரிரங்கன் இன்னும் குள்ளமாகத் தெரிந்தார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அவர் முதல் பெயர் லார்ட் என்றும் கடைசிப் பெயர் நெடுங்கரை என்றும் ஏறியிருந்தது. நர்ஸ் அவரை வாய் நிறைய "மிஸ்டர் லார்ட்" என்றாள். அவர் திருத்தவில்லை.

ஜலஜா கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏசி எலும்பைத் துளைத்தது.

"அந்தப் பெட்டி வண்டியில இருக்கா?" என்றார் அவர்.

"சனிக்கிழமையிலேர்ந்து டிக்கியிலதான் இருக்கு. எதுக்கு?"

"கிரீஷ், போய் எடுத்துட்டு வா."

அவன் பயந்துபோய் அவளைப் பார்த்தான். "உன் தோள்ல போட மாட்டேண்டா. போ" என்றார்.

பெட்டி வந்தது. அங்கியை எடுத்தார். கையில் ஊசிக் குழாய் தொங்கியது, நர்ஸ் வேண்டாம் என்றாள், எங்களிடம் சூடு பண்ணிய போர்வை இருக்கிறது என்றாள். அவர் கட்டிலில் முழங்காலிட்டு எழுந்தார். அந்த உயரத்தில் அவருக்கு மகளின் தோள் எட்டியது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மைக் இல்லை, கூட்டம் இல்லை, இடுப்புக்குப் பின்னால் கவுன் சரியாக மூடவில்லை. இருந்தும் ஜைனுதீன் தோற்றுப்போகிற குரலில் சொன்னார்: "நெடுங்கரைக் குடும்பத்தின் சார்பாக, டாக்டர் ஜலஜா அவர்களுக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தி கௌரவிக்கிறேன்."

சிவப்புக் கம்பளி அவள் தோளில் இறங்கியது. கிரீஷ் கை தட்டினான். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் தட்டினாள்.

"இது சட்டப்படி செல்லாதுப்பா" என்றாள் ஜலஜா. குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"சட்டம் போடற இடத்திலேர்ந்துதான் என்னை அனுப்பிட்டாங்களே. இனிமே நான் சட்டப்படி நடந்து யாருக்கு என்ன?" அவர் கிரீஷைப் பார்த்தார். "நான் திரும்பி வரலேன்னா, அந்த வெள்ளிக்கிழமை தைரியமா எழுந்து நின்னு துறந்துடு. எனக்கு வருத்தம் இல்லை. குடுக்க வேண்டியதை நான் குடுத்தாச்சு."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான். நீண்ட வராந்தாவில் ஜலஜா கூடவே நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். படுத்தபடி அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கி அவள் கணுக்காலோடு நின்றது, தரையில் புரளவில்லை. அவளுக்கு ஒரு முறைகூடக் கால் தடுக்கவில்லை.

"சீக்கிரம் வந்துடுங்கப்பா" என்றாள் அவள், கடைசிக் கதவுக்குப் பக்கத்தில். "ரொம்ப கனமா இருக்கு இது."

"கனம்தான். எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா எனக்கு எப்பவுமே அது பெரிசா இருந்தது ஜலஜா. உனக்குத்தான் அளவு சரியா இருக்கு."

கதவு திறந்தது. கட்டில் உள்ளே போனது. போர்வைக்கு அடியில் அவர் கால் ஆடாமல் இருந்தது.